இரண்டாவது பொத்தான்

நாமக்கல்லில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்தரை மணி. மோகனூர் சாலையோரப் பட்டறைகளில் லாரிகளுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். தகரத்தின் மேல் சுத்தியல் விழும் சத்தம் டவுன் பஸ்ஸில் ஏறிய பிறகும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. நிறுத்தத்தில் இறங்கி, மண்பாதையில் கால் மைல் நடந்தால் கோழிக்குஞ்சு பொரிக்கும் ராசப்பனின் ஹேச்சரி. சோளக்காட்டுக்கு நடுவே வெள்ளையடித்த நீளமான கட்டடம். நான்கு பக்கமும் சுற்றி வந்தாலும் ஒரு ஜன்னல் இருக்காது. முட்டை பொரிவதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை.

என் பையில் ஐந்து பிளாப்பிகளும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதத்தைச் சேலத்திலேயே டைப் அடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் முறையாகத்தான் கேள்வி கேட்டது, அதை இயக்கிய பெண் அறையைப் பார்க்காமலே பதில் கொடுத்துவிட்டார் என்பது அதன் சாரம். கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று மணிக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் போட்டாக வேண்டும் என்று ராசப்பன் போனில் சொல்லியிருந்தார்.

பதினொரு நாட்களுக்கு முன் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் அறையில் அத்தாயி என்ற பெண் இறந்துபோனாள்.

ஹேச்சரியில் முட்டை வைக்கும் அறைகளுக்கு அவ்வப்போது புகை போடுவார்கள். ஒரு பீங்கான் தட்டில் பெர்மாங்கனேட் தூளை வைத்து, அதன் மேல் பார்மலினை ஊற்றி, கதவை அடைத்துவிட வேண்டும். எழும் ஆவியில் கிருமி சாகும். உள்ளே மாட்டினால் மனிதரும் சாவார். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கதவடைக்கிற ஆள் வாசற்படியில் நின்று, "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே மூச்சு விட்டு நிற்க வேண்டும். மூன்றாவது குரலுக்கும் பதில் இல்லையென்றால்தான் தாழ்ப்பாள். ஆறு வருடமாக அந்தக் குரலைக் கொடுத்துவந்தவள் அத்தாயிதான்.

அந்த வருடம் தை மாதம் கம்ப்யூட்டர் வந்தது. விசிறி, சூடு, பார்மலின் குழாய், கதவின் தாழ்ப்பாள் எல்லாம் அதன் கைக்குப் போயின. புரோகிராம் என்னுடையது. குரல் கொடுக்கும் வேலை போனதும் அத்தாயியை உடைந்த முட்டை பொறுக்கப் போட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஈரச் சூடு முகத்தில் அப்பியது. நடையில் இருபது அடிக்கு ஒரு மங்கலான பல்பு. பார்மலின் நெடி மூக்கின் அடியில் ஊசியாகக் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம், இன்னும் ஓடு உடைக்காத குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்திக்கொண்டிருந்தன. பொரிப்பதற்கு முந்தின நாள் அப்படிக் கத்தும். ஆயிரக்கணக்கான குரல்கள் சேர்ந்து, தூரத்தில் மழை பெய்வதுபோல் கேட்டது.

ராசப்பன் நடையிலேயே எதிர்ப்பட்டார். பெரிய பண்ணைக்காரர், குரலை உயர்த்தாமல் வேலை வாங்கத் தெரிந்தவர்.

"வாங்க தம்பி. உங்க கம்ப்யூட்டரு அடக்கோழியாட்ட எடத்த உட்டு நகர மாட்டேங்குது. ஒரு எட்டு பாத்துருங்க. சாயங்காலம் மூணாம் ரூமுக்கு முட்டை வருது."

கடிதம் கொண்டுவந்தேனா என்று கேட்டார். தலையாட்டினேன். தட்டில் தூள் வைத்து ரெடியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு லாரியைப் பார்க்க வெளியே போய்விட்டார்.

கம்ப்யூட்டர் அறையில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். குமாரபாளையத்துப் பெண், இருபத்திரண்டு வயது, தறி ஓட்டுபவரின் மகள். பதினொரு நாளில் முகம் பாதியாகியிருந்தது. அன்று சாயங்காலம் தன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என் பையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவள் பையைப் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க சார்," என்றாள். தணிந்த குரல்.

கறுப்புத் திரையில் நான் வரைந்த பெட்டி இருந்தது. பச்சைக் கோடுகளால் ஆன சதுரம். உள்ளே என் எழுத்தில், 'மூன்றாம் அறையைப் பார்த்தாயிற்று. புகை போடவா?' அதன் கீழே இரண்டு பொத்தான்கள். இடது பக்கம் 'ஆமாம்', வலது பக்கம் 'நிறுத்து'. எதைத் தேர்ந்திருக்கிறோமோ அது மட்டும் பச்சையாக நிறைந்திருக்கும். அம்புக்குறி விசையைத் தட்டினால் பச்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். என்டரைத் தட்டினால் பச்சையாக இருப்பது நடக்கும்.

பச்சை 'நிறுத்து'வில் நின்றது.

வசந்தாமணி இடது அம்பைத் தட்டினாள். பச்சை 'ஆமாம்' மேல் தாவி, ஒரு கணம் நின்று, திரும்பிப் போய் 'நிறுத்து'வில் அமர்ந்தது.

"நேத்து ஒம்பது தடவ தள்ளிப் பாத்தேனுங்க. அங்கயே போய் நின்னுக்குது."

"மத்த பெட்டியெல்லாம்?"

"அதெல்லாம் எப்பயும் போலத்தானுங்க. மூணாம் ரூமுக்கு மட்டுந்தான் இப்பிடி." இன்னும் தணிந்து சொன்னாள். "அத்தாயிக்கா போனதுல இருந்துங்க."

விசைப்பலகை பழுதாக இருக்கும் என்று சொன்னேன். அந்தப் பெட்டியிலும் பச்சையின் இடத்தை மாற்றி வைத்தவன் நானேதான். அது அவளுக்குத் தெரியாது. போலீசுக்கும் ராசப்பனுக்கும் தெரியாது.

திரையில் பெட்டி வரைவது, எழுத்துக் காட்டுவது, பொத்தானை நிறைப்பது இவற்றையெல்லாம் ஒவ்வொரு புரோகிராமுக்கும் புதிதாக எழுத முடியாது. ஒரு தடவை எழுதித் தனியாக வைத்துக்கொண்டு, எந்தப் புரோகிராமுக்கு வேண்டுமோ அதோடு சேர்த்துவிடுவோம். லைப்ரரி என்போம். அப்போது கிடைத்த லைப்ரரிகளில் தமிழ் கிடையாது. நான் கிராப் தாளில் புள்ளி வைத்து, பதினான்கு மாதம் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் செய்தேன். இங்கிலீஷ் தெரியாதவர்களும் திரையைப் படிக்க வேண்டும் என்ற ஆசை. சேலம் வட்டாரத்தில் அதற்கு என் பேரைச் சேர்த்து 'மணியன் பெட்டி' என்றே பேர். கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தேன்.

முதலில் பெட்டி திறந்ததும் 'நிறுத்து'தான் பச்சையாக இருக்கும். யோசித்துத்தான் அப்படி வைத்தேன். மாசியில் ராசப்பன் போன் செய்தார். கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. திரும்ப வந்ததும் அன்றைக்குப் பாக்கியுள்ள வேலைக்கெல்லாம் பதிமூன்று பெட்டி கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் அம்பைத் தள்ளி என்டர் தட்டி அந்தப் பிள்ளைக்கு விரல் வலிக்கிறது. வெறும் என்டரில் போகிற மாதிரி செய்ய முடியாதா என்று கேட்டார்.

ஒரே ஒரு எண். 2 என்றால் 'நிறுத்து', 1 என்றால் 'ஆமாம்'. லைப்ரரியில் 2 இருந்த இடத்தில் 1 என்று மாற்றினேன். அரை நிமிட வேலை.

லைப்ரரியில் மாற்றினால் எல்லாப் பெட்டியிலும் மாறும். முட்டையைத் திருப்பவா என்று கேட்கும் பெட்டியிலும் மாறும், புகை போடவா என்று கேட்கும் பெட்டியிலும் மாறும். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அத்தாயி செத்த அன்று மதியம் இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. அவள் மூன்றாம் அறையில் டிராலிக்குப் பின்னால் குனிந்திருந்தாள். ஜெனரேட்டர் எடுத்துக் கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும் வசந்தாமணி வழக்கம்போல் பதிமூன்று என்டர் தட்டினாள். பதினொன்றாவதில் தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அத்தாயி கதவைத் தட்டியிருப்பாள். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நான் விசைப்பலகையை மாற்றினேன். பச்சை நகரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நகரவில்லை. பையிலிருந்த என் சொந்தப் பிளாப்பியிலிருந்து லைப்ரரியைப் புதிதாக ஏற்றி, அந்த எண் 1 என்றே இருப்பதைக் கண்ணால் பார்த்து, புரோகிராமோடு சேர்த்து மறுபடி கட்டினேன்.

பெட்டி திறந்தது.

'நிறுத்து.'

மணி ஒன்றே கால். இன்ஸ்பெக்டர் வந்து இதைப் பார்த்தால், பெட்டி இப்படியும் நிற்குமா, அன்று எப்படி நின்றது என்று கேட்பார். அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். இந்தப் புரோகிராமை இன்னும் நான்கு ஹேச்சரிகளில் வைப்பதாகப் பேச்சு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியே இல்லையென்றால் அது எங்கே நிற்கும்? மூன்றாம் அறைக்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் வரியைப் புரோகிராமிலிருந்து அழித்தேன். இனி கேள்வி வராது. கட்டளை கொடுத்ததும் தாழ்ப்பாள் விழும், அரை நிமிடம் கழித்துப் பார்மலின் குழாய் திறக்கும். புரோகிராமைக் கட்டும் வேலையைக் கொடுத்துவிட்டு நான்கு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வசந்தாமணி பின்னால் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. "உம்" என்றேன்.

புரோகிராம் தயாரானது. கட்டளையைக் கொடுத்தேன்.

நடையின் கோடியில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கனமான இரும்புச் சத்தம்.

சரியாகிவிட்டது என்று சொல்லத் திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

அவள் கேட்டது அப்போதுதான் காதுக்கு எட்டியது. பெட்டி 'நிறுத்து'வில் நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் அர்த்தமாக இருக்கும், ஒரு தடவை போய்க் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

நான் உம் என்றிருக்கிறேன்.

புரோகிராமை இடையில் நிறுத்த நான் வழியே வைக்கவில்லை. பெட்டியைத் தாண்டிய பிறகு எதற்கு நிறுத்தப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். தாழ்ப்பாளை வெளியிலிருந்து கையால் திறக்க முடியாது. கம்ப்யூட்டரை அணைத்தால் அது விழுந்தபடியே நிற்கும், அணைக்கும்போது குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது. திரையின் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டு வந்தன. பத்தொன்பது. பதினெட்டு.

குஞ்சுகளின் கத்தல் நின்றது.

அத்தனை ஆயிரம் குரலும் ஒரே கணத்தில் நின்றன. அந்த அமைதியில் நடையின் கோடியிலிருந்து யாரோ பேசுவது கேட்டது. கத்தவில்லை. தினமும் செய்த வேலையைச் செய்கிறவளின் சாவதானமான குரல்.

"உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

அது வசந்தாமணியின் குரல் இல்லை.

மூச்சு விடும் நேரம்.

"உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

ஒன்பது. எட்டு.

என் முன்னால் திரையில் பெட்டி திறந்தது.

நான் அழித்த பெட்டி. புரோகிராமில் அதைத் திறக்கும் வரி இல்லை. சதுரத்துக்குள் கேள்வி இல்லை, ஓர் எழுத்து இல்லை. வெறும் கறுப்பு. கீழே இரண்டு பொத்தான்கள் மட்டும். பச்சை 'நிறுத்து'வில் நின்றது.

பெட்டி வந்தால் என்டர் தட்டுவது எல்லோரையும் போல எனக்கும் பழக்கம். யோசித்திருந்தால் யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன். என் விரல் தட்டியது.

தாழ்ப்பாள் ஏறியது.

நடையில் ஓடினேன். மூன்றாம் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வசந்தாமணி அதன் அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரத்தில் ஒட்டியிருந்தது. அழவில்லை.

"உள்ள போனதும் கையப் புடிச்சுட்டாங்க சார்," என்றாள்.

"ஆரு?"

அவள் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு பழுப்புக் கோடுகள், உள்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று. பெர்மாங்கனேட் பட்டால் தோலில் அப்படித்தான் கறை ஏறும். ஆறு வருடம் அந்தத் தூளைக் கையாண்ட அத்தாயியின் விரல்கள் எப்போதும் அந்த நிறத்தில்தான் இருந்தன. அதை நானே பார்த்திருக்கிறேன்.

தூள் வைத்த தட்டு அறையின் அந்தக் கோடியில், மூடிய துணி கலையாமல் இருந்தது.

"நான் தட்டுக்கிட்டயே போகலைங்க," என்றாள்.

பிடித்தவள் உள்ளே நிறுத்தி வைக்கப் பிடித்தாளா, வெளியே தள்ளப் பிடித்தாளா என்று கேட்டேன். வசந்தாமணி மணிக்கட்டுக் கறையைத் தடவிப் பார்த்தாள்.

"தெரியலைங்க சார். ரெண்டு தடவ குரல் குடுத்தாங்க. மூணாவது தடவ குடுக்கலைங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் மறுபடி கத்தத் தொடங்கின.

டைப் அடித்து வந்த கடிதத்தைக் கிழித்தேன். ராசப்பனின் மேஜையில் உட்கார்ந்து கையாலேயே வேறொன்று எழுதினேன். லைப்ரரியில் 2 என்பது 1 ஆனதை எழுதினேன். அதைக் கேட்டது யார், செய்தது யார், அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லாமல் விட்டது யார் என்று எழுதினேன். ராசப்பன் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இதக் குடுத்தீங்கன்னா உங்க பொழப்பு போயிருமுங்க தம்பி. எனக்கும் கெட்ட பேரு."

"தெரியுமுங்ணா."

"அந்தப் புள்ள கவனமாப் பாத்திருக்கலாமில்ல?"

வசந்தாமணி வாசலில் நின்றிருந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். மூன்று மணிக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் அதை நானே கொடுத்தேன்.

வழக்கில் அவள் பெயர் வரவில்லை. என் பெயர் வந்தது, இன்னும் இருக்கிறது. நான்கு ஹேச்சரிக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ராசப்பன் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டு, கதவுக்குப் பழைய தாழ்ப்பாளையே போட்டார். இப்போது அங்கே குரல் கொடுப்பது வசந்தாமணி என்று கேள்விப்பட்டேன். குமாரபாளையத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்றுவிட்டாளாம்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு பெட்டியை நான் காப்பி கொடுத்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். இந்த இடத்தில் 1 என்று இருக்கும், அதை 2 ஆக்குங்கள் என்று. அவர்கள் யார் யாருக்குக் காப்பி கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆடியில் சூரமங்கலத்திலிருந்து சின்னண்ணன் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ரயில்வே குடியிருப்புக்கு எதிரே, கடைவீதி மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற நிலையம் வைத்திருப்பவர். பதினொரு பேரில் ஒருவர். நான் போனபோது நண்பகல். கீழே டவுன் பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ. மாடியில் ஒரே ஒரு அறை, இரண்டு ஜன்னல், நிறைய வெயில். மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"உங்க கடுதாசில சொன்னத நான் இன்னும் செய்யக்கூட இல்லைங்க மணியன். ஒண்ணு ஒண்ணாத்தான் கெடக்குது," என்று சிரித்தார். "ஆனா தானா ரெண்டுக்குப் போயிருச்சு. பாருங்க."

திரையில் பெட்டி. 'மாணவர் பட்டியலை அச்சடிக்கவா?' பச்சை 'நிறுத்து'வில் நின்றது.

அம்பைத் தட்டினேன். தாவியது, திரும்பி வந்தது.

அடைக்க ஒரு கதவு அங்கே இல்லை, குழாய் இல்லை, தட்டு இல்லை. பெயர்ப் பட்டியலை அச்சடிக்கும் ஒரு புரோகிராம். ஆனாலும் நான் எழுந்து பீரோவைத் திறந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மாடிப்படியின் கீழே போய்க்கூடப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அறையில் மெலிதாகப் பார்மலின் நெடி இருந்தது. சின்னண்ணன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

திரையின் முன்னால் நின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வழக்கத்தைச் செய்தேன்.

"உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

மூச்சு விட்டு நின்றேன்.

"உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அவள் கொடுக்காமல் விட்ட மூன்றாவது குரலையும் கொடுத்தேன். அதற்கும் பதில் இல்லை.

எங்கள் இருவர் கையும் விசைப்பலகையின் மேல் இல்லை. பச்சை 'நிறுத்து'வை விட்டு மெல்ல நகர்ந்து, 'ஆமாம்' மேல் போய் நின்றது.